விருந்தாளி அயலவரானபோது

 

1990 ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கிடைத்த அவகாசம் வெறும் 2 மணித்தியாலம். மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கினார்கள்.

அவர்களை ஏற்றுக்கொண்ட புத்தளமும் அதன் சுற்றூர்களும் பெருஞ்செல்வம் படைத்தவையல்ல. உப்பளம், மீன்பிடி, தென்னை, தோட்டச் செய்கை, இவையே ஜீவனம். ஆயினும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீடுகளும் திறக்கப்பட்டன. தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. தமக்கே தேவையிருந்தும் பிறரை முற்படுத்திய மதீனத்து அன்ஸாரிகளை ஸூரத்துல் ஹஷ்ரின் 9ஆவது வசனம் போற்றுகிறதல்லவா? அந்த நாட்களில் புத்தளத்தைக் கண்டவர்களின் நினைவுக்கு அன்ஸாரிகளே வந்தார்கள்.

முதல் வாரத்துச் சோற்றை நாம் இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். எனினும், அதனினும் அரிதாக எனக்குத் தோன்றுவது பின்வந்த ஆண்டுகளே. சில நாட்களுக்கென வந்தவர்கள் பல்லாண்டுகள் தங்க நேர்ந்தது. கிணற்று நீரும் வகுப்பறை வாங்கும் கூலிவேலையும் பங்காயின. மனக்கசப்பும் தலைகாட்டிற்று, அதை மறைப்பானேன்? விருந்தாளி அயலவராகும்போதுதான் ஈகை கனக்கத் தொடங்குகிறது.

சொல்லிக்காட்டுதலும் நோவினையும் தர்மத்தைப் பாழாக்கும் என்பதை ஸூரத்துல் பகராவில் ஓதுகிறோம். சோற்றைச் சொல்லிக்காட்டாத நாவும் ஒற்றைச் சொல்லால் நோவினை செய்துவிடுகிறது. புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையையும் ‘அகதி’ என்றழைத்த வாய்கள் உண்டு. நேயர்களே, அந்தப் பிள்ளை எந்த ஊரைவிட்டு ஓடி வந்தது?