கூந்தல் உதிர்வும் பெண்கள் நலமும்

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கூந்தலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இளம்பெண் ஒருத்திக்கு வகிடு அகன்றால் ஊரார் கேலி பேசுகின்றனர். பெண் பார்க்க வருவோர் குறை கூறுகின்றனர். அவளோ வெட்கி, எவரிடமும் சொல்லாமல், களை எடுத்துப் பெற்ற கூலியை விளம்பர எண்ணெய்களுக்குக் கொட்டுகிறாள். நோய் மட்டும் உள்ளே வளர்கிறது. அறியாமைக்கு நாம் செலுத்தும் இவ்வரியை ஒழிப்பதும் கல்வியின் கடமையே.

அந்நோயின் பெயர் சினைப்பை நீர்க்கட்டி நோய். 1935ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவர்களான ஸ்டெயினும் லெவந்தாலும் இதனை விவரித்தனர். மகப்பேற்று வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்கு இது உண்டென்றும், அவர்களுள் 70 விழுக்காடு வரை அதனை அறியாதிருக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

பெயர் அவ்வாறிருப்பினும் அவை கட்டிகள் அல்ல. முழுமையாக வளராத சினைமுட்டைப் பைகளே. உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது இரத்தத்தில் இன்சுலின் மிகுகிறது. அது சினைப்பையைத் தூண்டி, டெஸ்டோஸ்டிரோன் முதலிய ஆண்மைச் சுரப்புகளை மிகுவிக்கிறது. அச்சுரப்புகள் உச்சந்தலை மயிர்க்கால்களைச் சுருக்குவதால் முடி மெலிந்து முளைக்கிறது. நெற்றியோரம் நிலைத்திருக்க, வகிடு அகல்கிறது. மாதவிலக்குத் தள்ளிப்போதல், முகப்பரு, முகவாயில் மயிர் ஆகியவை இதன் உடன்குறிகள். உடல் பருத்தவர்க்கே வரும் என்பதும் தவறு, மெலிந்தவர்க்கும் வரும்.

எனினும் முடி உதிர்வு எல்லாம் இந்நோய் அன்று. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, கடுங்காய்ச்சல், மகப்பேறு ஆகியவற்றாலும் முடி உதிரும். ஆதலின் முதலில் வேண்டுவது பரிசோதனை, எண்ணெய் அன்று. நம் செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் குழம்புக்குச் சுவை தரும். அதன் சாறு இந்நோயால் உதிரும் முடியைக் காக்கும் என்பதற்குச் சான்றில்லை.

மருத்துவம் உண்டு. நாள்தோறும் நடை, கம்பு, கேழ்வரகு, பயறு, கீரை மிகுந்த அளவான உணவு ஆகியவை அடிப்படை. மருத்துவர் அறிவுரைப்படி சுரப்பைச் சீராக்கும் மாத்திரைகளும், தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தும் பயன்படும். பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும். இழந்தது முழுவதும் மீளாமலும் போகலாம். கருவுற்றோர் இம்மருந்துகளைத் தாமே உட்கொள்ளலாகாது.

கூந்தல் ஓர் எச்சரிக்கை மணியே. இந்நோயைக் கவனியாது விட்டால் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகும். பல மாதங்கள் விலக்கின்றி இருந்தால் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் தோன்றவும் கூடும். எனவே சர்க்கரைப் பரிசோதனை தவறாது செய்துகொள்ள வேண்டும்.

பெரம்பலூரில் மாவட்ட அரசு மருத்துவமனை உள்ளது. அரியலூரில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவராக விரும்பி, 2017இல் நாம் இழந்த குழுமூர் அனிதாவின் பெயரை அதன் அரங்கம் தாங்கி நிற்கிறது. அவ்வாயிலுக்கு நம் பெண்கள் நாணமின்றிச் செல்லட்டும்.

இளைஞர்களே! கேலி பேசும் நாவை அடக்குங்கள். உங்கள் தங்கையோ மனைவியோ இக்குறையைச் சொன்னால், உடன் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். பெண்ணின் மதிப்பு அவள் கூந்தலின் நீளத்தில் இல்லை என்று உணர்ந்த சமுதாயமே கற்ற சமுதாயம்.