பூட்டும் குறிப்பேடும்



ஓர் இலாகாவிடமுள்ள விவரத்தை மற்றோர் இலாகா கேட்கும்போது, அதைப் பத்திரமாக வழங்குவது எவ்வாறு? இதற்கெனத் திறந்த மூல மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றின் மூல நிரல் ஒளிக்கப்படாமையால், விஷயம் அறிந்த எவரும் சோதித்துப் பார்க்கலாம். ஆயினும், அவை யாவும் ஒரே வேலைக்கு உரியவை அல்ல. அவற்றுள் மூன்றை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, 2016-ல் தோன்றிய நெக்ஸ்ட்கிளவுட். இது கோப்புகளுக்கு ஏற்றது. ஒரு ஸ்தாபனம் தன் சொந்தக் கணினியிலேயே இதை நிறுவி, அறிக்கைகளையும் வரைபடங்களையும் பிறருடன் பகிரலாம். கடவுச்சொல்லும் காலக்கெடுவும் விதிக்கலாம். ஆனால், பிறர் பதிவிறக்கிக்கொண்ட பிரதி நம் கையை விட்டுப் போனதேயாகும்.

இரண்டாவது, எஸ்டோனியா நாட்டில் 2001 முதல் இயங்கிவரும் எக்ஸ்-ரோடு. இதன் மூல நிரல் 2016-ல் வெளியிடப்பட்டது. இதில் விவரங்களை ஓரிடத்தில் குவிப்பதில்லை. ஒவ்வோர் இலாகாவும் தன் பதிவேட்டைத் தானே வைத்துக்கொள்கிறது. கேட்ட விவரம் மட்டும், மின் முத்திரையும் நேரக்குறிப்பும் பெற்று, கேட்ட இலாகாவுக்கு நேராகச் செல்கிறது.

மூன்றாவது, எக்லிப்ஸ் பவுண்டேஷனின் தரவுவெளிக் கருவிகள். ஜெர்மனியின் மோட்டார்த் தொழிலார் 2021-ல் அமைத்த கேட்டனா-எக்ஸ் கூட்டமைப்பு இவற்றைப் பயன்படுத்துகிறது. விவரத்தை எந்த நோக்கத்திற்குப் பயன்படுத்தலாம் என்னும் நிபந்தனையை இரு தரப்பாரும் ஏற்ற பின்னரே அது நகரும். போட்டியுள்ள தொழில்களுக்கு இம்முறை பொருந்தும். எனினும், விவரம் சென்று சேர்ந்தபின் நிபந்தனையைக் காக்கச் சட்டமும் நாணயமும் வேண்டும்.

ஆகவே, கோப்புக்கு முதலாவதும், அரசாங்கப் பதிவேடுகளுக்கு இரண்டாவதும், வியாபார உடன்பாடுகளுக்கு மூன்றாவதும் தகும் எனலாம்.

ஆனால், பூட்டு மட்டும் போதுமா? கேட்ட ஸ்தாபனம் எது என்பதை எக்ஸ்-ரோடு உறுதி செய்யும். அதனுள் அமர்ந்திருக்கும் ஊழியர் தக்க காரணத்தோடுதான் கேட்டாரா என்பதை அது அறியாது. இக்குறையை உணர்ந்தே, எஸ்டோனியாவில் பல பதிவேடுகளில் தம் விவரத்தை எந்த அலுவலகம் பார்த்தது என்பதைக் குடிமக்கள் அரசின் இணையவாசலிலேயே காண வழி செய்துள்ளனர்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் நாம் மூன்று கேள்விகள் கேட்போமாக. விவரம் எங்கே தங்கும்? கேட்டவர் எவர் என்ற குறிப்பு எழுதப்படுமா? அக்குறிப்பை விவரத்துக்கு உரியவர் பார்க்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையேல், எவ்வளவு உறுதியான பூட்டும் மக்களின் நம்பிக்கையைப் பெறாது.