உட்காரும் வயசு எது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

பத்தாவது முடிச்ச பிறகு மைக் பிடிச்சு நான் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

அரசாங்க வேலையில் இருக்கிறவங்களுக்கு நம்ம தமிழ்நாட்டில் ஓய்வு வயசு முன்னே 58. 2020-ல் 59 ஆக்கினாங்க, 2021-ல் 60 ஆச்சு. அந்த வயசு வந்தா மாலை போட்டு அனுப்பி வைப்பாங்க. நடவுக்குப் போறவங்களுக்கு யார் மாலை போடுறது? 2006-ல் நூறு நாள் வேலை தமிழ்நாட்டில் முதல்ல வந்த 6 மாவட்டத்தில் நம்ம விழுப்புரமும் ஒண்ணு. 18 வயசு ஆகியிருக்கணும்னுதான் அந்தச் சட்டத்தில் இருந்தது. எத்தனை வயசோட நிறுத்தணும்னு இல்லை. அதனாலதான் ஏரி வேலையில் எழுபது வயசுப் பாட்டிகளையும் பார்த்தோம். ஆக, நமக்கு உட்காரும் வயசை நாமதான் முடிவு பண்ணணும். எங்க வீட்டில் நடந்ததைச் சொல்றேன்.

என் மாமியாருக்கு, அத்தைன்னுதான் கூப்பிடுவேன், இப்போ 63 வயசு. எங்க குழுவில் ஆரம்பத்திலிருந்து இருக்கிறவங்க. போன புரட்டாசியில் நடவு நட்டுக்கிட்டு இருக்கும்போது கழனியிலேயே தலை சுத்தி விழுந்துட்டாங்க. தூக்கிட்டுப் போய்ப் பார்த்தா பிரஷர் 180-க்கு மேல. அதுவரைக்கும் அவங்க பிரஷர் பார்த்ததே இல்லை. எங்க வீட்டுக்காரர், "இனிமே கழனிப் பக்கமே போகாதம்மா, பெத்த தாயை வேலைக்கு அனுப்புறான்னு ஊர் பேசும்"னு சொல்லிட்டாரு. நானும் அதையே சொன்னேன்.

அத்தை உட்கார்ந்தாங்க. ஒரு மாசத்தில் ஆளே மாறிட்டாங்க. பேச்சு குறைஞ்சு போச்சு. வெத்தலை போடுறதைக்கூட விட்டுட்டாங்க. ஒரு நாள் நான் குழுக் கூட்டம் முடிஞ்சு வந்தா வீட்டில் ஆள் இல்லை. யார்கிட்டயும் சொல்லாம மல்லாட்டை ஆயப் போயிட்டாங்க. சாயந்திரம் வந்ததும் கோபமா கேட்டேன். அவங்க நிதானமா சொன்னாங்க: "உக்காரு உக்காருன்னு சொல்றீங்களே, குழுவுக்கு மாசச் சேமிப்பு கட்ட நான் யார்கிட்ட போய்க் கையேந்துறது?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் அவங்களுக்கு வருது. அதைப் பிள்ளைங்க பள்ளிக்கூடச் செலவுக்குன்னு மாசாமாசம் வாங்கிக்கிட்டவளே நான்தான். இதை மேடையில் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனா இங்கே இருக்கிற எத்தனை வீட்டில் இது நடக்குதுன்னு எனக்குத் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி மூணு பேரும் உட்கார்ந்து, குழுக் கணக்கு எழுதுற மாதிரியே நோட்டில் எழுதினோம். அவங்க செலவு எவ்வளவு? எந்த வேலை உடம்புக்கு ஆகாது? எது ஆகும்? எது அவங்களுக்குப் பிடிக்கும்? சேத்தில் குனிஞ்சு நிக்கிற நடவு வேண்டாம், களையெடுப்பும் வேண்டாம். நிழலில் உட்கார்ந்து மல்லாட்டை ஆயலாம், அதுவும் உடம்பு முடிஞ்சா மட்டும். ரெண்டு ஆடு வாங்கினோம். ஆடு வித்த காசும் உதவித்தொகையும் அவங்க கையில்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை இப்போ வீட்டுக்கே வருது. இப்போ மறுபடி வெத்தலை போடுறாங்க.

குழுவிலும் ஒரு பேச்சு வந்தது. 60 தாண்டினவங்க கணக்கை முடிச்சு அனுப்பிடலாம், கடன் கொடுத்தா யார் கட்டுறதுன்னு சிலர் கேட்டாங்க. அந்தப் பயமும் நியாயம்தான். பேசிப் பேசி, அவங்க சேமிப்புக்கு உட்பட்டுச் சின்னக் கடன் கொடுக்கலாம், ஆனா வெளியே அனுப்பக் கூடாதுன்னு முடிவு பண்ணினோம். சுனாமிக்கு அப்புறம் பக்கத்துக் கடலூர் மாவட்டத்திலும் நாகப்பட்டினத்திலும் ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் முதியவங்களுக்குன்னே சுய உதவிக் குழு ஆரம்பிச்சது. அங்கே முடிஞ்சது நமக்கு முடியாதா?

கடைசியா, என் வயசுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. 60 வயசில் வேலைக்குப் போறதா வேண்டாமான்னு நம்ம இஷ்டப்படி முடிவு பண்ணணும்னா, அதுக்கு இப்பவே காசு சேர்க்கணும். அடல் பென்ஷன் திட்டத்தில் 18-லிருந்து 40 வயசு வரைக்கும்தான் சேர முடியும். 60-க்கு மேல் மாசம் 1,000 ரூபாய் வர, 25 வயசில் சேர்ந்தா மாசம் 76 ரூபாய் கட்டணும். 35 வயசில் சேர்ந்தா 181. அப்போ 1,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்னு கேட்பீங்க. சரிதான். அதனால முடிஞ்சவங்க 5,000 ரூபாய் பென்ஷனுக்குக் கட்டுங்க, 35 வயசில் அதுக்கு மாசம் 902 ஆகும். நான் போன மாசம் பேங்க்கில் சேர்ந்துட்டேன். 40 தாண்டிட்டா நாம கேட்டாலும் சேர்க்க மாட்டாங்க.

வீட்டுக்குப் போனதும் உங்க அத்தைகிட்டயோ அம்மாகிட்டயோ, "இனிமே உக்காரு"ன்னும் சொல்லாதீங்க, "போய் சம்பாதி"ன்னும் சொல்லாதீங்க. "உனக்கு என்ன செய்யணும்னு இருக்கு?"ன்னு கேளுங்க. அவங்க பணத்தை அவங்க கையில் கொடுங்க.