பெட்டியும் நரம்பும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்துப்பாட்டைப் படித்தவர்களுக்குப் பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் அறிமுகமானவன். மூங்கிலைத் தீயால் துளைத்துக் குழல் செய்து ஊதுகிறான். அது சலித்ததும் உட்டுளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்துக் கட்டி, வில்யாழ் ஒன்று செய்து குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். வண்டுகள் அதைத் தம் சுற்றத்தின் குரலென்று நினைத்துச் செவிசாய்க்கின்றன. பொருநராற்றுப்படை காட்டும் யாழோ வேறு. பத்தரும் போர்வையும், நண்டின் கண்போன்ற ஆணிகளும் கொண்ட, தேர்ந்த தச்சன் கைப்பட்ட கருவி அது. யாழின் பெருமை பேசும்போதெல்லாம் நாம் இந்த இரண்டாவதைத்தான் நினைக்கிறோம். இடையனின் யாழுக்கு உறவான ஒரு கருவியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பிறந்த இடம் முல்லை நிலம் அன்று, அமெரிக்கா. சுருட்டுப் பெட்டியில் செய்யப்பட்ட கிட்டார்.

1860களில் அமெரிக்க அரசு, வரி வசூலிக்க வசதியாகச் சுருட்டுகளைப் பெட்டியில் அடைத்தே விற்க வேண்டுமென்று விதித்தது. சுருட்டு தீர்ந்தபின் பெட்டி மிஞ்சியது. அந்தப் பெட்டிகள் பலவும் ஸ்பானிய செடார் எனப்படும் மரத்தால் ஆனவை. பெயர்தான் செடார், உண்மையில் அது மஹாகனியும் நம் வேம்பும் சேர்ந்த குடும்பத்து மரம். மெல்லியது, எடையற்றது, தட்டினால் பேசுவது. உள்நாட்டுப் போரின் வீரர்கள் இத்தகைய பெட்டியில் பிடில் செய்து வாசித்ததை எட்வின் ஃபோர்ப்ஸ் என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். 1880களில் டேனியல் பியர்டு சிறுவர்களுக்காகச் செய்முறையே எழுதி வெளியிட்டார். தெற்கு மாநிலங்களின் கறுப்பின மக்களிடம் இது வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. கடைக் கிட்டார் வாங்க வழியில்லாத வீடுகளில் ப்ளூஸ் இசைஞர் பலரின் முதல் கருவி இதுதான். துடைப்பத்தைக் கட்டிய கம்பியை அவிழ்த்துத் தந்தியாக்கியவர்களும் உண்டு.

செய்யும் முறைக்கு வருகிறேன். கடினமான மரச்சட்டம் ஒன்று பெட்டியின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவர வேண்டும். தந்திகளின் கீழ்முனையைச் சட்டத்தின் வால்பகுதியில்தான் கட்ட வேண்டும், மூடியில் அன்று. மூன்று எஃகுத் தந்திகள் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த மெல்லிய பலகை அதைத் தாங்காது. மூடிக்கு அடியில் செல்லும் சட்டத்தின் மேற்பரப்பைச் சிறிது செதுக்கிவிட வேண்டும். சட்டம் மூடியின் நடுவைத் தொட்டால் அதிர்வு அடங்கி, ஒலி செத்துவிடும். பிருடைகளைச் சட்டத்தின் தலையில் பொருத்தி, தந்தி படியும் விளிம்பாகவும் குதிரையாகவும் இரண்டு மரையாணிகளை வைத்தாலே போதும். மரையின் பள்ளங்கள் தந்தியை விலகாமல் பிடித்துக்கொள்ளும்.

இதுவரை எதுவும் எப்படியும் இருக்கலாம். சுருட்டுப் பெட்டி இல்லையென்றால் பிஸ்கட் தகரம், மரையாணி இல்லையென்றால் எலும்புத் துண்டு. ஆனால் மெட்டுகளுக்கு வரும்போது விருப்பத்துக்கு இடமில்லை. தந்தியின் நீளம் 63.5 செ.மீ. என்று கொள்வோம். அதை 17.817ஆல் வகுத்தால் 3.56 செ.மீ. முதல் மெட்டு அங்கே. மிச்ச நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாம் மெட்டு. பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில், 31.75இல் விழும். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்செஞ்சோ கலிலேய் 1581ஆம் ஆண்டு நூலில் பதினெட்டால் வகுக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் பன்னிரண்டாம் மெட்டு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பின்தங்கும். விரல் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுரம் சற்று ஏறுவதால் அந்தக் குறை ஓரளவு நேராகிவிடும். தச்சர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அந்தப் பதினெட்டை விடாததற்கு இதுவும் காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

யாப்பா, கட்டற்ற வடிவமா என்று பத்தாண்டுகளாக இங்கே வழக்காடிக்கொண்டிருக்கிறோம். மரபு பேசுவோர் பெட்டியின் பழைமையைக் காக்கப் பார்க்கிறார்கள். புதுமை பேசுவோர் பெட்டியை மாற்றியதோடு அளவையும் துறந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள். இரு தரப்பாரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறார்கள் என்பதுதான் என் குறை. மெட்டே வேண்டாமென்று கண்ணாடிப் புட்டியின் கழுத்தைத் தந்தியின் மேல் வழுக்கி வாசிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அளவு செவியில் இருக்கிறது, மற்றவர்களைவிடக் கூடுதலாகவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வறுமைதான் இந்த இசையைப் பிறப்பித்தது என்று உருகிப் பேசுவது எளிது. கண்ணுக்குப் புலப்படாத மனிதன் ஒருவனைப் பற்றி 1952இல் புகழ்பெற்ற நாவலை எழுதிய ரால்ஃப் எலிசன் அந்த உருக்கத்தை ஏற்கவில்லை. ஓக்லஹோமா நகரத்தில் அவரோடு வளர்ந்தவர் சார்லி கிறிஸ்டியன். 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து மின்கிட்டாரின் போக்கையே மாற்றி, 1942இல் இருபத்தைந்தாம் வயதில் காசநோயால் இறந்தவர். சிறுவயதில் அவர் சுருட்டுப் பெட்டியில் கிட்டார் செய்து வாசித்ததை எலிசன் ஒரு கட்டுரையில் நினைவுகூர்கிறார். ஆனால் பெட்டியில் ஒலித்தது எளிய நாட்டுப்புற மெட்டு அன்று, தேர்ந்த சுரக்கோவைகள் என்பதை வற்புறுத்துகிறார். தந்தை இசைஞர், உடன்பிறந்தோர் இசைஞர், பள்ளியில் முறையான இசைப்பயிற்சி. கருவிக்குக் காசில்லை, கல்விக்குக் குறைவில்லை. ஏழையின் கையில் இருப்பதெல்லாம் தானாக முளைத்தது என்று சொல்வது, அவன் கற்றதை அவனிடமிருந்து பறிப்பதாகும். நம் இடையனும் குறிஞ்சிப்பண்ணை யாரிடமோ கேட்டுப் பழகித்தானே வாசித்திருக்க வேண்டும்?

இனித் தந்தி கட்டுதல். கிட்டார்த் தந்தித் தொகுதியில் ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது ஆகியவற்றை எடுத்து, ஐந்தாவதை மட்டும் ஒரு முழுச்சுரம் தாழ்த்தினால் நமக்குப் பழகிய ஸ, ப, மேல் ஸ கிடைக்கும். காந்தாரம் இல்லை. ஆகவே அது மகிழ்ச்சியின் சுருதியா துயரத்தின் சுருதியா என்று கருவி முடிவு செய்வதில்லை; வாசிப்பவர் விரல் வைத்த பிறகே அது தெரியும். குதிரையை ஒட்டிவிடக் கூடாது. தந்தியின் அழுத்தமே அதை நிறுத்தி வைக்கும். பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அங்கே அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாகும்வரை குதிரையை இழையிழையாக நகர்த்த வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரை வால்பக்கம் போகும். இறங்கியிருந்தால் தலைப்பக்கம் வரும். புதுத் தந்தி நெகிழும். முதல் இரண்டு நாள் பிருடையை அடிக்கடி முறுக்கிக்கொண்டே இருக்க நேரும்.