சுவரைத் தெரிந்து கருவி வாங்குவோம்



தோட்டத்து லயத்தில் ஒரு சாமிப் படம் மாட்ட நமக்கு என்ன தேவைப்பட்டது? ஒரு சுத்தியல், ஓர் ஆணி. பலகைச் சுவரில் இரண்டு தட்டு, வேலை முடிந்தது. அதே பழக்கத்தோடுதான் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தோம். இங்கே ஆணிதான் வளைகிறது.

கிள்ளானுக்குக் குடிவந்த புதிதில் நம் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். பாத்திர அலமாரி மாட்டுவதற்காக, மரம் துளைக்கும் சாதாரண டிரில்லைக் கடன் வாங்கி வந்தோம். அரை மணி நேரம் அழுத்தியும் அரை அங்குலம்தான் இறங்கியது. இது போதுமென்று குட்டைத் திருகாணியை முடுக்கினோம். மூன்றாம் நாள் இரவு, அலமாரி சட்டி பானைகளோடு கீழே வந்தது. பிள்ளைகள் படுத்திருந்த பாய் நாலடி தள்ளி இருந்தது.

சுவர் இன்னதென்று பார்க்காமல் கருவியைத் தேடியதுதான் தவறு.

கோலாலம்பூர் 1881-இல் முதலில் தீயாலும், பிறகு வெள்ளத்தாலும் அழிந்தது. மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த ஸ்வெட்டன்ஹாம், பலகையும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று வற்புறுத்தினார். அப்படிச் செங்கல் சுட்ட இடங்களில் ஒன்றுதான் பிரிக்பீல்ட்ஸ், பெயரே சொல்கிறதல்லவா? அந்தக் காலத்துச் சுவரைத் துளைத்தால் சிவப்புத் தூள் கொட்டும். 1960-களில் ஜாலான் பெக்கெலிலிங்கில் எழுந்த மாடி வீடுகளோ வார்த்தெடுத்த கான்கிரீட் பலகங்களால் ஆனவை. அவை இன்று இல்லை. ஆனால் கான்கிரீட் சுவருள்ள அடுக்குமாடிகள் நிறைய இருக்கின்றன.

ஆகவே முதலில் மறைவான ஓர் இடத்தில் சிறு துளை போட்டுப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்து, துளையும் சுலபமாக இறங்கினால் சிமெண்டுக் கல். இந்த இரண்டுக்கும் 'ஹேமர் டிரில்' போதும். சுழலும்போதே சிறு சிறு அடியும் கொடுக்கும். நுனியில் கடின உலோகம் பதித்த, சுவருக்கென்றே உள்ள பிட்டைக் கேட்டு வாங்க வேண்டும். மர பிட்டைப் போட்டால் பிட்தான் தேயும். சாம்பல் தூளோடு துளை இறங்காமல் நின்றுவிட்டால் அது கான்கிரீட். வீட்டுத் தூண்களும் ஜன்னலுக்கு மேலுள்ள உத்திரமும் பெரும்பாலும் இப்படித்தான். அதற்கு 'ரோட்டரி ஹேமர்' வேண்டும். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி ஓங்கி அடிப்பதால், நாம் உடல் பலத்தைக் கொடுத்து அழுத்த வேண்டியதில்லை. உள்ளே கம்பி தட்டுப்பட்டால் விடாப்பிடியாகத் துளைக்காதீர்கள்; இடத்தைச் சற்று மாற்றுங்கள்.

குளியலறை ஓட்டில் துளைக்கும்போது அடிக்கும் விசையை நிறுத்திவிட்டு, சுழலவிட்டு மட்டும் துளையுங்கள். இல்லாவிட்டால் ஓடு வெடித்துவிடும். சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் கை வைக்கவே வேண்டாம். மின்கம்பி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகிறது. கண்ணாடி அணியாமல் டிரில்லைத் தொடாதீர்கள்.

இரண்டு துளைக்காக ரோட்டரி ஹேமர் வாங்குவது வீண் செலவு என்பது நம் கருத்து. சில ஹார்ட்வேர் கடைகளில் நாள் வாடகைக்குத் தருவார்கள்; முன்பணம் கேட்பார்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தூளைக் கொஞ்சம் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போய்த் தவுக்கேயிடம் காட்டுங்கள். மாட்டப்போகும் பொருளின் எடையையும் சொல்லுங்கள். 6 மில்லிமீட்டர் பிளக் என்றால் பிட்டும் 6 மில்லிமீட்டர். திருகாணி, பூச்சைக் கடந்து கல்லுக்குள் பிடிக்கும் அளவு நீளமாக இருக்க வேண்டும்.

நம் அலமாரியைப் பிறகு இப்படித்தான் மாட்டினோம். துளைக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரசமட்டம் வைத்து நேர் பார்க்கத்தான் நேரம் பிடித்தது.