கழிவும் கழனியும்

அவையில் பேசத் தகாதது என்று நாம் ஒதுக்கிவைத்த பொருள் ஒன்றைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அது சிறுநீர். நாணிப் பேசாதிருப்பதால் அதன் நன்மையை இழக்கிறோம், தீமையைப் பெருக்குகிறோம்.

மேட்டில் ஒரு வீடு, அதன் அடியில் ஒரு வீடு, அதற்கும் கீழே ஒரு சுனை. இதுவே நம் நீலகிரிச் சிற்றூர்களிற் பலவற்றின் அமைப்பு. மேல் வீட்டு மலக்குழியிற் கசிவது கீழ் வீட்டாரின் குடிநீரை அடையக்கூடும். அவ்வளவில் நிற்குமோ? குன்னூர் ஆறு பவானியிற் கலக்கிறது. பவானி காவிரியிற் கலக்கிறது.

அந்தக் காவிரிக் கரையிலுள்ள முசிறியே இதற்கு ஒரு வழி காட்டியது. ஆற்றங்கரை ஊராதலின் அங்கே நிலத்தடி நீர் மேலே நிற்கும். குழி தோண்டினால் கழிவு அந்நீரோடு கலந்துவிடும். 2006-ஆம் ஆண்டில், மராச்சி சுப்புராமன் அவர்களின் ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் நீரோடு கழிவைக் கலக்காத பொதுக் கழிப்பிடம் ஒன்றை அங்கே அமைத்தது. பின்னர், அதனைப் பயன்படுத்துவோர்க்குச் சிறு தொகையும் வழங்கியது. கழிவுக்கும் விலை உண்டு என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலுமோ? சுப்புராமன் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

முசிறி முறையைப் பின்பற்றியே என் இல்லத்திலும் கழிப்பிடம் அமைத்துள்ளேன். புதிதாய் வரும் உறவினர்க்கு நான் கூறும் விளக்கம் எளியது. மலம் விழ ஒரு துளை. சிறுநீர் செல்ல ஒரு வழி. கால் கழுவும் நீர் செல்ல வேறொரு வழி. மலம் கழித்தபின் ஒரு கைப்பிடி சாம்பல் தூவவேண்டும். கீழே தொட்டிகள் இரண்டு. ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றொன்றைப் பயன்படுத்துவோம். மூடிய தொட்டியில் உள்ளது ஓராண்டில் உலர்ந்து மண்போல் ஆகிவிடும். கழுவிய நீர் வாழைப் பாத்திக்குச் செல்லும். சிறுநீர் மூடிய கலத்திற் சேரும்.

“இதனால் வளர்ந்த பழத்தையா உண்பது?” என்று சம்பந்தி அம்மாள் கேட்டார். மாட்டுத் தொழுவத்து எருவை நாம் மறுப்பதில்லையே என்றேன். வேர் நாடுவது மண்ணில் கரைந்துள்ள சத்தையே. நம் உடல் கழிக்கும் தழைச்சத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு சிறுநீரில்தான் உள்ளது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் உடன் உள்ளன. கடையில் மூட்டையாக விற்கும் யூரியாவும் சிறுநீரில் உள்ள யூரியாவும் ஒரே பொருளே. அதனை ஆய்வுக்கூடத்திலும் ஆக்கலாம் என 1828-இல் ஜெர்மானிய வேதியியலார் வோலர் காட்டினார்.

நிற்க. இதில் எச்சரிக்கையும் வேண்டும். மூடிவைத்த சிறுநீரில் யூரியா அம்மோனியாவாக மாற, காரத்தன்மை ஏறி நோய்க் கிருமிகள் மடிகின்றன. 20 பாகை செல்சியசில் 6 மாதம் வைத்திருந்தால் எல்லாப் பயிர்க்கும் இடலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட நெறி. நம் மலைக் குளிரில் கிருமிகள் மடிய நாள் கூடும். ஆதலின் பச்சையாக உண்ணும் காரட்டுக்கு நான் அதனை இடுவதில்லை. பேரி, பிளம்ஸ் மரங்களுக்கே, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, இலையிற் படாமல் மண்ணில் ஊற்றுகிறேன்.

மாணவர்களே, இதில் உரத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. மனிதரைக் கையால் மலம் அள்ளச் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் மலக்குழிகளில் இறங்கி உயிர் துறப்போர் பற்றிய செய்தி இன்னும் ஓயவில்லை. நாம் முகம் சுளிக்கும் பொருளைப் பிறர் தலையில் சுமத்துவதோ தூய்மை? என் தொட்டியில் உலர்ந்ததை மண்வெட்டி கொண்டு நானே எடுத்து மரத்தடியில் இடுகிறேன். அருவருப்பு கற்றுக்கொண்ட பழக்கம். அறிவால் அதனைத் திருத்திக்கொள்ளலாம். தன் கழிவுக்குத் தானே பொறுப்பேற்பவனே தூய்மையானவன்.