கார்பன் விலையைத் தீர்மானிப்பது சந்தையா, அரசா?

(சுற்றுச்சூழல் அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கார்பன் மார்க்கெட்னா பெரிய கம்பெனிக்காரங்க விவகாரம், நமக்கென்ன?" என்று கேட்கிறீர்கள். நம்ம அரியலூர் சிமெண்ட் ஆலைப் புகைக்கும் இனி ஒரு விலை வரப்போகுது. அந்த விலை எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சாதான் நாம கேள்வி கேட்க முடியும்.

ஐரோப்பாவில் 2005 முதல் இருக்கும் முறை இது. ஒரு டன் கரியமில வாயு வெளியிட ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். மிச்சம் பிடித்தவர் விற்கலாம். பற்றாக்குறை உள்ளவர் வாங்கியே ஆகணும். சீட்டு என்ன விலைக்குப் போகும் என்று கணிக்க நிபுணர்கள் கணித மாதிரிகள் போடுறாங்க. நிலக்கரி விலை, எரிவாயு விலை, குளிர், தொழில் உற்பத்தி எல்லாம் அதுக்குள்ள போகும். எரிவாயு விலை ஏறினா மின் நிலையங்கள் நிலக்கரிக்குத் திரும்பும், புகை கூடும், சீட்டுக்குக் கிராக்கி வரும். கணக்கு சரிதான். ஆனா அரசு எத்தனை சீட்டு அச்சடிக்குது என்பதுதான் எல்லாக் கணக்கையும் கவிழ்க்கும்!

2006 ஏப்ரலில் அதுதான் நடந்தது. முதல் ஆண்டின் உண்மைக் கணக்கு வெளிவந்தபோது, ஆலைகள் விட்ட புகையைவிடக் கொடுத்த சீட்டு அதிகம். 30 யூரோ பக்கம் இருந்த விலை சில நாளில் பாதியானது. அந்தச் சீட்டு 2008-க்குச் செல்லாது என்பதால், 2007 முடிவில் சில சென்ட்தான். ஒரு டன் புகைக்கு ஒரு டீ விலைகூட இல்லை! பிறகு பொருளாதார நெருக்கடி. 2013-ல் மறுபடி 5 யூரோவுக்கும் கீழே; சுமார் 200 கோடி சீட்டு தேங்கிக் கிடந்தது. 2019 முதல் உபரிச் சீட்டைச் சந்தையிலிருந்து எடுத்து ஒதுக்க ஆரம்பித்தார்கள். 2023 பிப்ரவரியில் விலை 100 யூரோவைத் தொட்டது. எரிவாயு நெருக்கடிக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனா உபரி குவிஞ்சு கிடந்திருந்தா இந்த ஏற்றம் வந்திருக்காது.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். கார்பன் வர்த்தகத் திட்டத்தை ஒன்றிய அரசு 2023-ல் அறிவித்தது. சிமெண்ட், அலுமினியம் உள்ளிட்ட துறைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்கும் வந்துவிட்டது. இங்கே மொத்தப் புகைக்கு உச்சவரம்பே கிடையாது. ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு புகை என்பதுதான் அளவுகோல். உற்பத்தி கூடினா மொத்தப் புகையும் கூடலாம். ஆலை இலக்கைத் தாண்டியதாகச் சான்றிதழும் வாங்கலாம். இலக்கு தளர்வா இருந்தா சான்றிதழ் குவியும், விலை விழும். புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்கள் லட்சக்கணக்கில் விற்காமல் தேங்கியதை நாம ஏற்கெனவே பார்த்தாச்சு.

விலை விழுந்தா யாருக்கு நஷ்டம்? 2026 முதல் ஐரோப்பாவுக்குள் போகும் எஃகு, அலுமினியம், சிமெண்ட் மீது எல்லை கார்பன் கட்டணம். இங்கே கட்டிய கார்பன் விலையை அங்கே கழித்துக்கொள்ளலாம். இங்கே வசூலிக்காததை அவங்க வசூலிப்பாங்க. நம்ம ஊர்க் காற்றைச் சுத்தமாக்க வேண்டிய காசு ஐரோப்பியக் கஜானாவுக்குப் போகும்.

அதனால்தான் மூன்று விஷயம் கேட்கிறோம். சான்றிதழுக்கு அடிவிலை வேண்டும். உபரி சேர்ந்தால் ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு ஆலையின் சரிபார்த்த புகைக் கணக்கும் பொதுவில், தமிழிலும் வரவேண்டும். அடுத்த இலக்குகளுக்கான வரைவு வெளியாகி மக்கள் கருத்து கேட்கும்போது, உங்கள் மாவட்ட அணி மூலமாக இதையே எழுதி அனுப்புங்கள், தோழர்களே.